படம் நன்றாக இருக்கிறது, விவசாயி எங்கே?

சென்னையில் வாரக் கடைசியில் நடக்கும் ஓர் இயற்கை வேளாண் சந்தைக்குச் சுவரொட்டி வடிவமைத்துத் தரும் வேலை நண்பர் ஒருவர் மூலமாக எனக்கு வந்தது. கணினியில் வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. திருமண அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, பயிற்சி மைய விளம்பரம், எது வந்தாலும் செய்வேன். இந்த வேலையில் மட்டும் கொஞ்சம் கூடுதல் மகிழ்ச்சி. நான் திருவாரூர் மாவட்டத்துச் சேரி ஒன்றில் பிறந்தவன். நடவும் அறுப்பும்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டன.

முந்தைய புரட்டாசியில் ஊருக்குப் போனபோது கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருந்தது. சம்பா நடவு. ஏழு பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்கிறார்கள். இடது கையில் நாற்று முடி, வலது கை சேற்றுக்குள். புடவைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை. மூன்றாவதாக நிற்பவர் என் அம்மா. அந்தப் படத்தைப் பெரிதாக வைத்து, கீழே 'உள்ளூர் விவசாயிகளை ஆதரிப்போம்' என்று எழுதி அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "படம் நல்லா இருக்கு ப்ரோ. ஆனா இதுல விவசாயி எங்கே?"

கேட்டவர் கெட்டவர் இல்லை. சாதி பார்க்கிறவர் என்று அவரைச் சொன்னால் உண்மையிலேயே மனம் புண்படுவார். கிண்டலாகவும் கேட்கவில்லை. ஏழு பேர் வயலில் நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு அதில் விவசாயி இல்லை என்று அவருக்கு இயல்பாகத் தோன்றியிருக்கிறது. பின்னாலேயே மாதிரிக்கு ஒரு படம் அனுப்பினார். முறுக்கிய வெள்ளை மீசை, தலைப்பாகை, தோளில் கலப்பை, பின்னால் சூரியன். இணையத்தில் காசு கொடுத்து வாங்கும் படம். தலைப்பாகை கட்டியிருந்த விதத்தைப் பார்த்தால் அவர் நம் பக்கத்து ஆள்கூட இல்லை. 'உள்ளூர் விவசாயி' என்ற வாசகத்துக்கு மேல் எந்த ஊர்க்காரர் என்றே தெரியாத ஒருவர் நின்றார். அது யாருக்கும் உறுத்தவில்லை. என் அம்மா நின்றதுதான் உறுத்தியது.

வாடகை கட்ட வேண்டியிருந்தது. அவர் கேட்டபடியே செய்து கொடுத்தேன்.

அதற்குப் பிறகு இந்தச் சுவரொட்டிகளைக் கவனித்துப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. இயற்கை அங்காடியின் கண்ணாடிக் கதவு, மரச்செக்கு எண்ணெய்க் கடையின் பெயர்ப்பலகை, கருப்பு கவுனி அரிசிப் பையின் மேலட்டை, பொங்கலுக்குப் பகிரப்படும் வாழ்த்துப் படம், எல்லாவற்றுக்கும் இலக்கணம் ஒன்றுதான். விவசாயி ஆண். நிமிர்ந்து நிற்கிறார். கேமரா அவருடைய முழங்கால் உயரத்தில் இருந்து மேலே பார்க்கிறது, அதனால் அவர் பின்னணியில் வானம். தனியாக நிற்கிறார், அல்லது மாடுகளோடு நிற்கிறார். இன்னொரு மனிதர் அந்த வயலில் இருக்கவே மாட்டார். பெண்கள் வந்தால் தூரத்தில், முகம் தெரியாமல், பச்சைக்கு நடுவே வண்ணப் புள்ளிகளாக வருவார்கள். அடுத்து, இரண்டு உள்ளங்கைகளில் செம்மண்ணை ஏந்தியிருக்கும் படம் ஒன்று கட்டாயம் உண்டு. டெல்டாவில் நெல் விளைவது செம்மண்ணில் அல்ல. ஆனால் களிமண் கையில் ஒட்டிக்கொள்ளும், படத்துக்கு எடுபடாது.

இந்தப் படங்களில் டிராக்டர் அபூர்வம், அறுவடை இயந்திரம் அதைவிட அபூர்வம். இன்று டெல்டாவில் பெரும்பாலான அறுவடையைச் செய்வது இயந்திரம்தான், அந்த இயந்திரம் வந்தபின் வேலை இழந்தவர்கள் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டார்கள் என்பதைச் சுவரொட்டியைப் பார்த்து ஒருவரும் தெரிந்துகொள்ள முடியாது.

நகரத்துக்காரரை இந்தப் படம் எப்படி வசப்படுத்துகிறது? முதலில் ஒரு குற்ற உணர்வைக் கிளப்புகிறது. நீ ஏசியில் உட்கார்ந்திருக்கிறாய், அவர் வெயிலில் நிற்கிறார். அடுத்த நொடியே அதற்குப் பரிகாரமும் சொல்கிறது: இந்த அரிசியை வாங்கு. கிலோவுக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. ஊரில் நிலம் வைத்திருந்த குடும்பத்திலிருந்து வந்து நகரத்தில் குடியேறியவர்களுக்கு இதில் இன்னொரு இனிப்பும் இருக்கிறது. படத்தில் நிற்பவர் அவர்களுடைய தாத்தா. 'பாட்டன் உணவு', 'மண்ணின் மைந்தன்' என்ற சொற்களெல்லாம் அவர்களைத்தான் கூப்பிடுகின்றன. என் தாத்தா அந்தப் படத்தில் இல்லை. அவருக்குத் தலைப்பாகை கட்டும் உரிமை இருந்ததில்லை. துண்டைத் தோளில் போட்டால் இறக்கச் சொல்வார்கள், அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் தெருவில் நடந்திருக்கிறார்.

'விவசாயி சேற்றில் கால் வைத்தால்தான் நாம் சோற்றில் கை வைக்க முடியும்' என்ற வாசகத்தை நீங்கள் ஆட்டோவின் பின்புறத்தில் பார்த்திருப்பீர்கள், டிசர்ட்டில் பார்த்திருப்பீர்கள். 2017இல் மெரினாவில் கூடிய இளைஞர்கள் சல்லிக்கட்டோடு சேர்த்து விவசாயியையும் பேசியபோது இந்த வாசகம் ஊரெங்கும் பரவியது. அப்போது நானும் அங்கே நின்றேன், கோஷம் போட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை. வாசகம் சொல்வது அப்பட்டமான உண்மைதான். ஆனால் சேற்றில் கால் வைப்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். வாசகத்துக்கு மேலே இருக்கும் படத்தில் நிற்பவர் வரப்பில் நிற்கிறார். அவர் காலில் சேறு இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தம்மைப் பயிரிடுவோர் என்று பதிந்தவர்கள் சுமார் 42 லட்சம் பேர். விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம் பேர். அதாவது வயலில் வேலை செய்யும் மூன்று பேரில் இரண்டு பேர் கூலிகள். அந்தப் பெரும்பான்மைக்கு ஒரு சுவரொட்டியில்கூட முகம் இல்லை. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், மக்கள்தொகையில் 16 சதவீதத்துக்கும் மேல் இருக்கும் பட்டியல் சாதியினர் பயிரிடும் நிலம், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, மொத்தத்தில் 9 சதவீதத்துக்கும் குறைவு. நிலம் யார் கையில் இருக்கிறது என்பதைச் சாதி முடிவு செய்த நாட்டில், 'விவசாயி' என்ற சொல்லுக்கு நிலவுடைமையாளரின் படத்தை மட்டும் போடுவது வடிவமைப்பாளரின் தற்செயலான ரசனை ஆகாது.

அரசாங்கமும் இதே படத்தைத்தான் மனதில் வைத்திருக்கிறது. பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6000 ரூபாய் போகிறது, நிலம் பெயரில் இருக்கும் குடும்பத்துக்கு மட்டும். வெள்ளத்தில் பயிர் அழுகினால் நிவாரணம் ஹெக்டேர் கணக்கில் வருகிறது. பயிர் அழுகியதால் களையெடுப்பும் அறுப்பும் இல்லாமல் போன பெண்ணுக்கு ஹெக்டேர் ஏது?

'விவசாயி' என்ற சொல்லை யார் எடுத்துக்கொள்வது என்பதற்காக எங்கள் பக்கத்தில் ரத்தம் சிந்தியிருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், எல்லோரும் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்கள். கூலி உயர்வு கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். அவர்களுக்கு எதிராக நிலக்கிழார்கள் வைத்திருந்த சங்கத்தின் பெயர் இளம் தோழர்கள் பலருக்குத் தெரியாது. நெல் உற்பத்தியாளர்கள் சங்கம். ஒரு நாற்றையும் நடாதவர்கள் உற்பத்தியாளர்கள். நட்டவர்கள் வெறும் ஆட்கள். கொளுத்திய வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. இன்று அங்காடிப் பையில் 'உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாக உங்கள் வீட்டுக்கு' என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர்தான் நினைவுக்கு வருகிறது. பையை அச்சிட்டவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த இடத்தில் ஒரு தோழர் மறுப்புச் சொல்வார், அதில் நியாயமும் இருக்கிறது. இன்றைய விவசாயி பண்ணையார் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூட முழுதாக இல்லை. கடன் வாங்கி, மழையிடம் தோற்று, வியாபாரியிடம் ஏமாந்து நிற்பவர் அவர். 2017இல் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்தவர்களின் துயரம் நாடகம் அல்ல. பிற்படுத்தப்பட்ட சாதியைச் சேர்ந்த அந்தச் சிறு விவசாயியை எதிரியாக்கி என்ன சாதிக்கப் போகிறோம் என்று கேட்பார்கள். எதிரியாக்கச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு விலை கிடைக்க வேண்டும் என்று பேசும் சுவரொட்டி, அவரிடம் வேலை செய்யும் பெண்ணுக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்பதை ஏன் பேச மறுக்கிறது? ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்பது இன்றும் வயல் வழக்கம். விலை ஏறினால் கூலி தானாக ஏறிவிடும் என்பது, மேலே ஊற்றினால் கீழே சொட்டும் என்று கார்ப்பரேட்டுகள் சொல்லும் அதே கதை.

அந்தச் சந்தைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். விதை பற்றி, மண்புழு பற்றி, பஞ்சகவ்யம் பற்றி நிறையப் பேசினார்கள், சிலது எனக்கும் பயன்பட்டது. வாரத்துக்கு ஒருமுறையாவது அதில் வரும் இன்னொரு பேச்சு: நூறு நாள் வேலைத் திட்டம் வந்துதான் விவசாயம் அழிந்தது, ஆட்கள் சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள், மரத்தடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள். இதை எழுதியவர்களில் ஒருவரின் முகப்புப் படம் கையில் நாற்று ஏந்திய குழந்தை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சொன்ன கூலிக்கு, கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நின்றவர்கள் இப்போது 'அந்தக் கூலிக்கு முடியாது' என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. எங்கள் ஊரில் என் அம்மா தலைமுறைப் பெண்கள் முதன்முதலாகத் தங்கள் பெயரில் வங்கிக் கணக்கு பார்த்தது அந்தத் திட்டத்தில்தான். நம்மாழ்வாரின் படத்தை மாட்டிக்கொண்டு இந்த வசவைப் பேசுகிறவர்களுக்கு அவரும் தெரியாது, வயலும் தெரியாது.

வேறு மாதிரிச் சுவரொட்டி சாத்தியமா என்று கேட்டால், நடந்திருக்கிறது என்று சொல்வேன். அமெரிக்காவில் சன்-மெய்ட் என்ற உலர்திராட்சைப் பெட்டியை நம் ஊர்ப் பெரிய கடைகளிலும் பார்த்திருப்பீர்கள். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் கூடை நிறையத் திராட்சை ஏந்திச் சிரிப்பாள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சிரிப்பு கலிஃபோர்னியத் தோட்டங்களை நகரத்துக்கு விற்றுக்கொண்டிருக்கிறது. அந்தத் தோட்டங்களில் வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர் எஸ்தர் எர்னாண்டஸ் என்ற ஓவியர். 1982இல் அவர் அதே பெட்டியை, அதே தொப்பியோடு, அதே கூடையோடு மறுபடி அச்சிட்டார். பெண்ணின் முகம் இருந்த இடத்தில் மண்டை ஓடு. எழுத்தும் 'சன் மேட்' என்று மாறியிருந்தது, அதாவது பைத்தியம் பிடித்த சூரியன். கீழே, பூச்சிக்கொல்லி போட்டு விளைந்தது என்ற தகவல். அவருடைய சொந்த ஊரின் நிலத்தடி நீர் பூச்சிக்கொல்லியால் கெட்டுப்போயிருந்தது தெரியவந்த கோபத்தில் பிறந்த படம் அது. பெட்டியில் சிரிப்பவள் யாருடைய உடம்பை மறைக்கிறாள் என்பதை அந்த ஒரு மாற்றம் காட்டிவிட்டது.

அதற்கும் முன்னால், 1965 செப்டம்பரில் அதே மாநிலத்தின் டெலானோவில் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோ தொழிலாளர்கள் திராட்சைத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். சீசர் சாவேஸ், டொலோரஸ் உவெர்ட்டா ஆகியோரின் சங்கம் சேர்ந்துகொண்டது. அவர்கள் நகரத்து மக்களிடம் போய் 'உள்ளூர்த் திராட்சையை வாங்குங்கள்' என்று கேட்கவில்லை. வாங்காதீர்கள் என்று கேட்டார்கள். சிவப்புப் பின்னணியில் கருப்புக் கழுகு போட்ட சுவரொட்டிகளும் கொடிகளும் பல நகரங்களின் கடை வாசல்களுக்குப் போயின. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1970இல், தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பிறகு அந்தக் கழுகு திராட்சைப் பெட்டியின் மேல் முத்திரையாக வந்தது. அந்த முத்திரை இருந்தால் கூலி ஒப்பந்தம் இருக்கிறது, தாராளமாக வாங்கலாம். கலிஃபோர்னியாக்காரருக்கு அதற்கு முன்பும் அது உள்ளூர்த் திராட்சைதான். உள்ளூர் என்பதால் மட்டும் பறித்தவருக்கு ஒன்றும் கிடைத்துவிடவில்லை.

நம் சந்தைகளிலும் 'இரசாயன உரம் இல்லை' என்று எழுதுகிறார்கள், 'பாலிஷ் செய்யாதது' என்று எழுதுகிறார்கள். 'நடவுக்கும் களைக்கும் பெண்களுக்கு ஆணுக்குச் சமமான கூலி கொடுக்கப்பட்டது' என்று எழுதிய ஒரு பையை நான் இதுவரை பார்த்ததில்லை. யாராவது எழுதினால் கூடுதலாக இருபது ரூபாய் கொடுத்து நானே முதலில் வாங்குவேன்.

சென்னைக்கு உள்ளூர் என்றால் எது? செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர். கீரையும் கத்தரிக்காயும் அங்கிருந்துதான் வருகின்றன. பஞ்சமி நிலத்தின் கதையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் அங்கிருந்த தீண்டப்படாத மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதி, அதன் பேரில் 1892இல் ஆங்கில அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்கியது. சென்னை மாகாணம் முழுதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பிறருக்கு விற்கவே கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் இன்று யார் யார் பெயரிலோ இருக்கிறது. கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு அதே வட்டாரத்தில் காரணை இருக்கிறது. 1994 அக்டோபர் 10 அன்று பஞ்சமி நிலப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் பலியானார்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வார இறுதிப் பண்ணை வைத்து, தலைப்பாகைப் படம் போட்ட பையில் நாட்டுத் தக்காளி விற்கும் மென்பொருள் நிறுவன மேலாளரிடம் ஒரு கேள்வி கேட்கலாம், தப்பில்லை: சார், உங்கள் நிலத்தின் பழைய பட்டா யார் பெயரில் இருந்தது?

கிராமத்தைக் கோயில் போலப் பேசியவர்களைப் பார்த்து 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் சலித்துக்கொண்டார். பெரியார் கிராமம் என்ற அமைப்பே ஒழிய வேண்டும் என்று பேசியவர். இருவரும் உணவு வேண்டாம் என்று சொல்லவில்லை, மண்ணை வெறுக்கவும் இல்லை. நாம் மட்டும் இத்தனை ஆண்டுகள் கழித்து, கிராமத்தைச் செபியா நிறத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். நம் சினிமாவும் இதைத்தான் செய்கிறது. ஆனால் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' வந்தது, மாரி செல்வராஜின் 'வாழை' வந்தது. காய் சுமக்கும் தோள் திரையில் தெரிந்தபோது நகரத்துப் பார்வையாளர்கள் எழுந்து ஓடிவிடவில்லை, உட்கார்ந்து அழுதார்கள். ஆகவே, நகரத்துக்காரர்களுக்கு அந்தப் படம் பிடிக்காது, விற்காது என்று சந்தைக்காரர்கள் சொல்வதை நான் நம்பவில்லை.

அந்தத் தலைப்பாகைச் சுவரொட்டி அச்சாகி வந்தபின், ஊருக்குப் போகும்போது ஒரு பிரதியைச் சுருட்டி எடுத்துப் போனேன். மகன் செய்த வேலை என்று அம்மாவுக்குக் காட்டத்தான். திண்ணையில் விரித்து வைத்தேன். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"யாருப்பா இவரு?"

"விவசாயிம்மா."

"எந்த ஊரு விவசாயி? மேலத்தெரு ஐயா மாதிரில்ல இருக்காரு" என்றார். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாளு நல்லா தடிமனா இருக்கு, வச்சிட்டுப் போ" என்றார். அடுத்த முறை போனபோது அது கூரையில் ஒழுகும் இடத்துக்குக் கீழே செருகப்பட்டிருந்தது.

வரும் பொங்கலுக்கு அதே சந்தைக்காரர்கள் மறுபடியும் சுவரொட்டி கேட்டிருக்கிறார்கள். அந்த ஏழு பெண்களிடமும் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு, அதே நடவுப் படத்தை வைத்திருக்கிறேன். ஏழு பேரின் பெயரையும், அன்றைக்கு அவர்கள் வாங்கிய கூலியையும் படத்துக்குக் கீழே போட்டிருக்கிறேன். 'விவசாயிகள்' என்று மேலே கொட்டை எழுத்தில். அனுப்பி நான்கு நாட்கள் ஆகின்றன. இரண்டு நீலக் குறி விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.